சுடரின் தோழி

ஜூலை 16

நாளை ஆடி பிறக்கிறது. சுடர் இன்றைக்கே வந்து இறங்கிவிட்டாள், தனியாக.

தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்து வருவதென்றால் நாங்கள் ஓசூருக்குப் போக வேண்டும், சீர்த்தட்டு வைக்க வேண்டும், மாப்பிள்ளையும் கூட வந்து விருந்து சாப்பிட வேண்டும். முறுக்கும் அதிரசமும் சுட்டு டின்னில் அடைத்து வைத்திருந்தேன். இவள் என்னவென்றால் ரயிலேறி வந்து வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள். "அவங்களுக்கு லீவு இல்லம்மா" என்றாள். கூடவே இரண்டு பெரிய பெட்டிகள். ஒரு மாசத்துக்கு இவ்வளவு துணி எதற்கு என்று கேட்டதற்கு, "லேப்டாப்பும் இருக்கும்மா" என்று பதில். லேப்டாப் என்ன பீரோ அளவுக்கா இருக்கிறது?

அவளுடைய பழைய அறையில்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் முடிவதற்குள் நாவலைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் மேஜையும் நானும் ஹாலுக்கு வந்துவிட்டோம். ஹாலில் என் வீட்டுக்காரர் டிவி பார்ப்பார். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் படத்தையே அணைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு டிவியைவிடச் சத்தம்.

ஜூலை 18

பதிப்பகத்திலிருந்து ஜெசிந்தா பேசினாள். என் நாவல்களைத் திருத்துகிற பெண். வயது முப்பதுகூட இருக்காது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கடைசி மூணு நாவல்லயும் ஒரே அத்தை வர்றாங்க. பேரு மட்டும்தான் வேற. மூணு பேருமே பல்லு குத்திக்கிட்டே தீர்ப்பு சொல்றாங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை. அந்த அத்தை என் நாத்தனார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காலமாகிவிட்டார். இருந்தவரைக்கும் வாரத்துக்கு ஒரு கூத்து அடித்தார், எனக்கும் எழுத இருந்தது. போன பிறகு அவரிடமிருந்து புதிதாக என்ன வரும்?

எனக்குக் கற்பனை கிடையாது. இதை மேடையில் சொல்வதில்லை, இங்கே சொல்லலாம். கேட்டதையும் பார்த்ததையும் எழுதுவேன். பெயரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன், ஒரு பிள்ளையைக் கூட்டுவேன் அல்லது குறைப்பேன். மற்றபடி நடந்தது நடந்தபடி. முப்பது வருஷமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது.

"ஃப்ரெஷ்ஷா ஏதாவது வேணும் மேடம்" என்றாள். கீரைக்கட்டா கேட்கிறாள்?

ஜூலை 21

தென்காசியில் இருக்கிற என் தங்கை வடிவுக்குப் போன் போட்டேன். அவள் வீட்டில் எப்போதும் ஏதாவது நடக்கும்.

"என்னட்டி விசேஷம்?" என்றேன்.

"சாரல் நல்லா அடிக்கிக்கா. அருவியில தண்ணி ஜோரா விழுது."

"அத விடு. உன் மாமியா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காவ. சாரல்தான் விடவே மாட்டேங்கி."

மாமியார் மீது கோபம் வந்தால் வடிவு அவருடைய பல்செட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாள். அதை நான் எழுதி நாலு வருஷம் ஆகிறது. நாவலில் ஊர் மதுரை, பானை தகர டின். அப்படியும் மாமியார் கண்டுபிடித்துவிட்டார். "உங்கிட்ட ஒண்ணு சொன்னா பொங்கலுக்குப் புஸ்தகமா வந்துருதுக்கா" என்று அன்றைக்கு அழுதாள். அதற்கு அப்புறம் எனக்கு வானிலை அறிக்கை மட்டும்தான்.

ஜூலை 24

கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். நான் போய் உட்கார்ந்ததும் சொந்தக்காரப் பெண்கள் அத்தனை பேரும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கேசரியில் முந்திரி இல்லை.

ஜூலை 27

கடைசியில் கதை என் வீட்டு மொட்டைமாடியிலேயே கிடைத்தது.

சுடரும் நானும் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தோம். என் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தேன், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள், நான் எதை வைத்து எழுதுவது என்று. அவள் ஒரு துண்டை மடித்துக்கொண்டே, "எம்மா, என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா" என்றாள்.

அந்தத் தோழிக்கும் இந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. புருஷன் அடிப்பதில்லை, குடிப்பதில்லை, நல்ல வேலை. அவனுக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான். சாம்பாரில் உப்புக் குறைந்தால் ஒரு வாரம், அவள் அம்மாவோடு போனில் கூடுதலாகப் பேசிவிட்டால் அதற்கு மேல். அவள் எதிரிலேயே நிற்பாளாம், அவளைப் பார்க்காமல் தன் அம்மாவிடம், "அவகிட்ட சொல்லுங்க, சட்டை அயர்ன் பண்ணலன்னு" என்பானாம். மாமியாரும் அப்படியே திரும்பி அதை அவளிடம் சொல்லுவாளாம்.

"சொன்னதையே திருப்பிச் சொல்லுவாளா?" என்றேன்.

"ஒரு வார்த்த மாறாம."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அடிக்கிற புருஷன்களை எழுதி எழுதி எல்லாருக்கும் அலுத்துவிட்டது. இது புதுசு. அவள் பெயர் என்ன என்று கேட்டேன்.

"பேரெல்லாம் எதுக்கும்மா? நீ எப்படியும் மாத்தத்தான போற?"

ஜூலை 31

கதாநாயகிக்கு மாலினி என்று பெயர் வைத்தாயிற்று. தினமும் எழுதுகிறேன். நான் கையால்தான் எழுதுவேன். வழக்கமாகத் தட்டச்சு செய்கிறவர் ஆடி மாசம் கோயில் கோயிலாகப் போய்விட்டார். சுடரே, "குடும்மா, நான் அடிச்சுத் தாரேன்" என்று வாங்கிக்கொண்டாள். ஆபீஸ் வேலையையும் இங்கிருந்தேதான் பார்க்கிறாள், அது முடிந்ததும் என் அத்தியாயம். இதுநாள் வரை என் எழுத்தைத் தொடாத பெண். முதல் நாவலின் நாயகி பெயரைத்தான் இவளுக்கு வைத்தேன், அதையாவது படித்திருக்கிறாளா என்றால் இல்லை.

அவளுக்குச் சாப்பாடு பாதிதான் இறங்குகிறது. வெயில். தலைமுடியும் கொட்டுகிறது. ஓசூர்த் தண்ணி சரியில்லை என்கிறாள்.

ஆகஸ்ட் 4

டோல்கேட்! இதை எப்படி இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தாள்?

வைகாசியில் ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் திரும்பியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் தோழி தன் கூடப் படித்த பையனிடம் சிரித்துப் பேசிவிட்டாளாம். வழியெல்லாம் அவன் பேசவில்லை. டோல்கேட்டில் வண்டி நின்றது. கை நீட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். அவள் இறங்கினாள். அவன் பணம் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

"அவ எதுக்கு இறங்கினா?" என்றேன். கதைக்குக் காரணம் வேண்டுமல்லவா?

"கதவத் திறந்தா இறங்கணும்னு ஆயிட்டும்மா அவளுக்கு."

"பொறவு?"

"கழிப்பிடத்துக்கு வெளிய ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதுல உக்காந்திருந்தா. லாரிக்காரங்க எல்லாம் பாத்துக்கிட்டே போனாங்க. ரொம்ப நேரம் கழிச்சு அவங்க வந்தாங்க. ஏறிக்கிட்டா."

நான் விடவில்லை. என்ன சேலை, நகை போட்டிருந்தாளா, கையில் போன் இருந்ததா, மழையா வெயிலா? ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். போன் காரிலேயே இருந்துவிட்டது. மாம்பழக் கலர்ப் பட்டு, பச்சை பார்டர். சுடருக்கு மறுவீட்டுக்கு எடுத்ததும் அதே நிறம்தான். இந்த வருஷம் அந்த நிறம் கடைகளில் நிறைய வந்திருந்தது.

கேட்டு முடித்ததும் அவள் எழுந்து முகம் கழுவப் போனாள். நான் நேரே மேஜைக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

டோல்கேட் அத்தியாயத்தை ஜெசிந்தாவுக்கு அனுப்பியிருந்தேன். "மேடம், நீங்க இதுவரைக்கும் எழுதினதுலயே இதுதான். நேத்து நைட்டு எனக்குத் தூக்கமே வரல" என்றாள். அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுடரிடம் சொன்னேன், ஜெசிந்தாவுக்குத் தூக்கம் வரவில்லையாம் என்று. "அப்படியா?" என்றாள். இவளைச் சந்தோஷப்படுத்த யாராலும் முடியாது.

ஆகஸ்ட் 10

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு 'அனுபவமும் படைப்பும்'. மைக் பாதி நேரம் வேலை செய்யவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள், அந்த வெயிலில். எழுத்தாளனுக்குக் கண்ணும் காதும் திறந்திருந்தால் போதும், வாழ்க்கை தானாக வந்து கொட்டும் என்று பேசினேன். கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். "நீங்க யாரப் பத்தி எழுதுதீங்களோ அவங்க கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுவீங்களா மேடம்?"

கேட்டால் எழுத முடியாது, எழுதினால் கேட்க முடியாது என்று ஏதோ சொல்லி வைத்தேன். அதற்கும் கைதட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சுடர் மட்டும் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 13

நாவல் முட்டிக்கொண்டு நிற்கிறது. மாலினி பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள், இனி அவள் அம்மா ஏதாவது சொல்ல வேண்டும். நிஜத்தில் என்ன நடந்தது என்று சுடரிடம் கேட்டேன்.

"அவ இன்னும் அவங்க அம்மாட்ட சொல்லலம்மா."

"ஏன்?"

"சொன்னா என்ன ஆகும்னு தெரியல."

எரிச்சல்தான் வந்தது. இத்தனை தூரம் வந்த கதையை இப்படி நடுத்தெருவில் விட்டால் எப்படி? முதுகெலும்பில்லாத பெண் என்றேன். சுடர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"உன் கதையில அந்த அம்மா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

"யோசிக்கணும்" என்றேன். அவளிடம் வேறொன்று கேட்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் பால் பொங்கிவிட்டது. அடுப்பு, மேடை, கீழே தரை வரைக்கும். துடைத்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைத்துப்போக யாரும் வரவில்லை. எதிர்வீட்டு அம்மா கேட்டாள். ஆபீஸில் வேலை அதிகம் என்றேன். யாருடைய ஆபீஸ் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் இருந்தாற்போல சுடர் அறையின் மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டியிருக்கிறார். நான் மூன்று மாசமாகச் சொல்லியும் அசையாத மனுஷர்.

ஆகஸ்ட் 20

இன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அந்த அம்மா என்ன சொல்லுவாள் என்று ஒருவழியாக முடிவு செய்து எழுதிக் கொடுத்திருந்தேன். மாலினி பெட்டியோடு வந்து நிற்கிறாள். அம்மா சொல்கிறாள்: 'நாலு பேரு என்ன நினைப்பாங்க? கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும். இருந்துட்டு, மனசு ஆறுனதும் கிளம்பு.' அப்படித்தானே நம் ஊரில் சொல்வார்கள்? எந்த வீட்டில் வேண்டுமானாலும் போய்க் கேட்கட்டும்.

அடித்து வந்த பக்கத்தைப் பார்த்தால் அதில் ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பதிலாக அம்மா கதவை அகலத் திறக்கிறாள். 'வா. சாப்பிட்டியா? உன் ரூமைக் கூட்டி வச்சிருக்கேன்' என்கிறாள். பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். அவ்வளவுதான்.

"என்னட்டி இது?"

"அது நல்லாருக்கும்னு தோணுச்சும்மா."

"தோணுச்சுன்னா நீ தனியா நாவல் எழுது. என் அத்தியாயத்துல கை வைக்காத. இப்படி ஒரு அம்மா எந்த ஊருல இருக்கா?"

"இருக்கவே மாட்டாங்களாம்மா?"

"இருந்தா நாவல் அந்த இடத்துலயே முடிஞ்சு போயிருமே!"

"முடியட்டுமே" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன். என்று எழுதுகிறேன். ஜலதோஷம் என்று நான் நினைக்கவில்லை.

"எழுதுனத எழுதுனபடி அடிச்சுக் கொண்டா" என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 21

காலையில் பக்கம் மேஜையில் இருந்தது. நான் எழுதியது எழுதியபடி. ஒரு புள்ளி மாறவில்லை.

பதினொரு மணிவாக்கில் ஓசூருக்குப் போன் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து அழைத்துப்போகிறாராம். பெட்டிகளை இறக்கி வைத்து அடுக்குகிறாள். நல்ல விஷயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தோசைக்கு ஊறப் போட்டேன். அரிசியை அளந்தேனா இல்லையா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 23

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சுடர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா."

"என்ன சொன்னா?"

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் எனக்குத் தெரியாமல் ஒரு காபி குடித்ததில்லை. கத்தினேன். பெத்தவள் நான்தானே, எனக்குத் தெரியாமல் என்ன ரகசியம் என்று கேட்டேன். அவர் குழாயை மூடினார்.

"எங்கிட்ட சொன்னா அது எங்கிட்டயே இருக்கும் பிரமு. அதான்."

அப்புறம் அவரே, "உங்கிட்டயும் சொல்லித்தான் பாத்துட்டா. மாடியில வச்சு, பொறவு டோல்கேட்டப் பத்தியும். நீ சேலை என்ன கலருன்னு கேட்டியாமே" என்றார்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேல், சுடர் மேல், ஜெசிந்தா மேல், செடிகள் மேல்கூட. உள்ளே வந்து அழுதேன்.

அவளுடைய அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "அடுக்கிக்கிட்டு இருக்கேம்மா" என்றாள். சுடர், அந்தத் தோழி நீதானே என்று கேட்க வாயெடுத்தேன். 'சரி' என்றுதான் வந்தது. பக்கம் பக்கமாக வசனம் எழுதுகிறவள் நான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை.

மாப்பிள்ளை மணிவாசகன் ஒன்பது மணிக்கு வந்தார். அழகாகச் சிரித்தார், அத்தை உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டார், பழம் வாங்கி வந்திருந்தார். ஒரு குறை சொல்ல முடியாது. இலையில் வைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டார், வடை நன்றாக இருக்கிறது என்றார். பரிமாறியது சுடர். அவள் குனிந்து வைக்கிறபோதெல்லாம் அவர் இலையைத்தான் பார்த்தார்.

ஒருவேளை நான்தான் கதையைப் படித்துப் படித்து இப்படிப் பார்க்கிறேனோ என்று நினைத்தேன். இல்லை, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தார். சுடர் அவருக்கு இரண்டடி தள்ளி, தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துத் திரும்பி, அதே சிரிப்போடு சொன்னார்:

"அத்தை, அவகிட்ட சொல்லுங்க, டைம் ஆச்சு, கிளம்பச் சொல்லி."

நான் இந்த மாதிரி ஒரு வசனத்தை இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது என்று திருப்திப்பட்டிருக்கிறேன். அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த நிமிஷம் என் தலை தானாகச் சுடர் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிவிடுவதற்கு வாயும் திறந்துவிட்டது. அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, அவ இங்கதான நிக்கா. நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாமா, வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பினா நல்லது" என்றார்.

"அவகிட்ட சொல்லுங்க மாப்ள" என்றேன் மறுபடியும். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. வாஷ்பேசினில் தண்ணீர் சொட்டியது. அவர் வாட்சைப் பார்த்தார், கார்ச் சாவியை எடுத்தார். அவள் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம். அதற்குக்கூட அவருக்கு மனசு வரவில்லை.

"அவ வரல" என்றேன்.

"யாரு முடிவு இது?" என்று என்னிடம்தான் கேட்டார்.

அப்போது சுடர் பேசினாள். "நான் வரலங்க." செம்பைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவர் கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார்.

நான் அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. துணிகளை எடுத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தேன். அவளும் கூட எடுத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 26

ஜெசிந்தாவிடம் நாவல் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"மேடம், விளையாடாதீங்க. அட்டைக்கே ஆள் பேசியாச்சு. டோல்கேட் சாப்டர் மாதிரி நீங்க எழுதினதே இல்ல. பேரை மாத்திக்கலாம், ஊரை மாத்திக்கலாம்..."

"எல்லாத்தையும் ஏற்கெனவே மாத்தியாச்சும்மா" என்றேன். அனுப்பிய பக்கங்களை அழித்துவிடச் சொன்னேன். அப்புறம் எதைத்தான் தருவீர்கள் என்று கேட்டாள். தெரியவில்லை. இந்த வயதில் உட்கார்ந்து கற்பனை செய்யப் பழக வேண்டும். இன்று காலையில் முயன்று பார்த்தேன். ஒரு மீன்காரர் வந்தார். அவருக்கு என்ன பிரச்சினை என்று மத்தியானம் வரைக்கும் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. சனியன்.

ஆகஸ்ட் 28

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சுடர் சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். தோழி யாரும் இல்லை. 'நான்', 'என்னை' என்றே சொன்னாள். டோல்கேட் அதில் சின்ன விஷயம்.

நடுவில் நிறுத்திவிட்டு, "எம்மா, இத எழுதிர மாட்டியே?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. "மாட்டேன்" என்றேன். அவள் நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள், விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும். நான் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் சொன்னதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அழுகையை நிறுத்திவிட்டு, சாதாரணமாக, சுவரைப் பார்த்துச் சொன்னாள். கேட்டதும் என் கை பேனாவைத் தேடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் தேடியது. அப்படி ஒரு வாக்கியம் முப்பது வருஷத்தில் எனக்கு வந்ததில்லை, இனிமேலும் வரப்போவதில்லை. இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. மறந்து போவதற்குள் இங்கே குறித்து மட்டும் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அவள் சொன்னது,

ஆகஸ்ட் 29

எழுதவில்லை.